தண்டுவடக் காயம்: மீட்சியை முன்னறிவது எப்படி?

வேம்பாரிலிருந்து பெரியதாழை வரையில் நீண்டு கிடக்கும் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் மக்கள் செய்யும் தொழில்கள் பலவும் உயரத்தோடோ ஆழத்தோடோ பாரத்தோடோ தொடர்புடையவை. உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரங்களில் பனையேறிகள் பதநீர் இறக்குகின்றனர். துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றுவோரும் இறக்குவோரும் உளர். தோணிகளிலே பாய்மரமேறுவோர் உளர். முத்துக்குளிப்பு 1961 ஆம் ஆண்டோடு நின்று போயினும், சங்கு குளித்தல் இக்கரையில் இன்றும் நடைபெறுகிறது. இத்தொழில்கள் யாவற்றுக்கும் பொதுவான அபாயம் ஒன்று உண்டு. கால் தவறினாலோ, கயிறு அறுந்தாலோ, தலைகீழாக ஆழங்குறைந்த நீரில் பாய்ந்தாலோ முதுகெலும்பு முறிகிறது. அதனுள் ஓடும் தண்டுவடம் நசுங்குகிறது. நேற்று வரை குடும்பத்தைத் தாங்கிய மனிதர் ஒரு நொடியில் கால் அசைக்க முடியாதவராகிறார்.

மருத்துவமனை வாயிலில் நிற்கும் சுற்றத்தார் கேட்கும் முதற்கேள்வி ஒன்றே: “மறுபடி நடப்பாரா?” இதற்கு இரு தவறான விடைகள் நாட்டில் வழங்கி வருகின்றன. “இனி அவ்வளவுதான்” என்று முதல் நாளே கைவிரிப்பது ஒன்று. “மூன்று மாதத்தில் ஓட வைக்கிறோம்” என்று கூறிப் பணம் பறிப்பது மற்றொன்று. முதல் விடையைக் கேட்ட குடும்பம் காயமுற்றவரை ஒரு மூலையில் கிடத்திவிடுகிறது. இரண்டாவது விடையைக் கேட்ட குடும்பம் நிலத்தையும் வள்ளத்தையும் தாலிப்பொன்னையும் விற்கிறது. இரண்டுக்கும் நடுவே, அளந்தறிந்து சொல்லக்கூடிய உண்மையான விடை ஒன்று உண்டு. அதனை மருத்துவர்கள் எவ்வாறு அறிகின்றனர், அதைக் கொண்டு குடும்பமும் ஊராரும் என்ன செய்யவேண்டும் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

தண்டுவடம் யாது?

நம் முதுகெலும்பு பல முள்ளெலும்புகள் அடுக்கப்பெற்ற தூண். அத்தூணின் நடுவிலுள்ள குழாயில், ஏறத்தாழச் சுண்டுவிரல் பருமனில், மூளையிலிருந்து இறங்கி வருவது தண்டுவடம். ‘அசை’ என்னும் கட்டளை இதன் வழியே கீழிறங்குகிறது. ‘சுடுகிறது’, ‘குத்துகிறது’ என்னும் செய்தி இதன் வழியே மேலேறுகிறது. இதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன. தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே குதிரைவால் போன்ற நரம்புக் கற்றை மட்டுமே செல்லும்.

இந்த அமைப்பை அறிந்தால், விபத்தின் வகைக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பு விளங்கும். பனையிலிருந்து விழுவோர் பெரும்பாலும் பாதமோ பிட்டமோ தரையில் மோத விழுகின்றனர். அப்போது மார்பு முள்ளெலும்புகளும் இடுப்பு முள்ளெலும்புகளும் கூடும் இடம் நொறுங்குகிறது. கைகள் பிழைக்கும், கால்கள் தளரும். ஆனால், அவ்விடத்திற்குக் கீழே இருப்பவை நரம்புக் கற்றைகளே. தண்டுவடத்தைவிட இவை மீளும் ஆற்றல் மிக்கவை. ஆதலால் இடுப்பருகே முறிவு கண்டோர்க்கு நம்பிக்கை சற்று அதிகம். கோடையில் தாமிரபரணியில் நீர் வற்றியிருக்கும்போது பாலத்திலிருந்து தலைகீழாகப் பாயும் இளைஞரும், படகிலிருந்து ஆழம் பாராமல் குதிப்போரும் கழுத்து முள்ளெலும்பை முறித்துக்கொள்கின்றனர். இவர்களுக்குக் கைகளும் கால்களும் ஒருங்கே தளர்கின்றன.

விழுந்த இடத்திலேயே தொடங்கும் விதி

எதிர்காலத்தை முன்னறிவதற்கு முன், அந்த எதிர்காலத்தைக் கெடுக்காதிருத்தல் வேண்டும். எலும்பு முறிந்தும் தண்டுவடம் நசுங்காமலோ, சிறிதளவே நசுங்கியோ இருப்பவர் பலர். அவரைப் பதற்றத்தில் வாரித் தோளில் போட்டுக்கொண்டோ, வேட்டியில் தொட்டில் கட்டித் தூக்கியோ, ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்தோ கொண்டு செல்லும்போது, எஞ்சிய நரம்பும் அறுபடலாம். பனைமரம் செய்யாத கேட்டை நம் கைகளே செய்துவிடக் கூடாது.

ஆகவே, விழுந்தவரை விழுந்த நிலையிலேயே விடுக. ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டுத் தலையையும் கழுத்தையும் இரு கைகளால் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். எழுந்து உட்காரச் சொல்லவேண்டா, நீர் புகட்டவேண்டா. 108 ஆம்புலன்ஸ் வண்டியை அழைத்துக் காத்திருக்கவேண்டும். அவ்வண்டி வர இயலாத தேரிக்காட்டிலோ கடலிலோ ஆயின், கதவுப் பலகையோ வள்ளத்தின் நேரான பலகையோ கொண்டுவருக. நால்வர் சேர்ந்து, ஒருவர் எண்ணிக்கை சொல்ல, தலை, தோள், இடுப்பு, கால் ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் திரும்பும்படி, மரத்தடியை உருட்டுவது போல் உருட்டிப் பலகையில் ஏற்றுக. கழுத்தின் இருபுறமும் துணிச்சுருள் வைத்துக் கட்டுக.

இன்னொன்றும் செய்யவேண்டும். விழுந்த நேரத்தைக் குறித்துக்கொள்க. விழுந்தவுடன் கால் விரலை அசைத்தாரா, தொட்டால் உணர்ந்தாரா என்பதையும் நினைவிற் கொள்க. விழுந்த போது அசைந்த கால் மருத்துவமனை சேரும்போது அசையவில்லை என்றால், அச்செய்தி மருத்துவருக்கு மிகவும் இன்றியமையாதது. நசுங்கிய தண்டுவடத்தின் மேலுள்ள அழுத்தத்தை அறுவை மூலம் நீக்கவேண்டுமாயின், 24 மணி நேரத்துக்குள் நீக்குவது நன்று என்பது இன்றைய மருத்துவத்தின் கருத்து. எனவே பக்கத்து ஊரில் எண்ணெய் போட்டுக் கட்டுவோரிடம் முதலில் கொண்டுசென்று இரண்டு நாள் கழிப்பது, பின்னர் எவ்வளவு செலவிட்டாலும் மீளாத இழப்பாகும்.

முதல் நாள் தீர்ப்பு ஏன் பிழைபடுகிறது?

காயம் பட்டவுடன் தண்டுவடம் ஓர் அதிர்ச்சி நிலையை அடைகிறது. காயத்துக்குக் கீழுள்ள தசைகள் துவண்டு, அனிச்சைச் செயல்களும் அடங்கிவிடும். அழியாத நரம்பும் அந்நேரத்தில் ஊமையாகக் கிடக்கும். தலையிலும் அடிபட்டு மயங்கியவரோ, மது அருந்தியவரோ, மயக்க மருந்து பெற்றவரோ, ‘உணர்கிறீரா?’ என்ற வினாவுக்குச் சரியாக விடையளிக்க முடியாது. ஆகையால் முதல் சில மணி நேரத்தில் செய்யும் சோதனையைவிட, 72 மணி நேரம் கழிந்தபின் செய்யும் சோதனை எதிர்காலத்தை நன்கு காட்டும் என்பர் வல்லுநர். முதல் நாள் சோதனை சிகிச்சைக்குத் தேவையானது. ஆனால் அது தீர்ப்பு அன்று. மருத்துவர் “இன்னும் மூன்று நாள் பொறுத்துச் சொல்கிறேன்” என்று கூறினால், அவர் மறைக்கிறார் என்று எண்ணலாகாது. அதுவே நேர்மையான விடை.

ஐந்து நிலைகள்

1969 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையைச் சேர்ந்த பிராங்கெல் என்பவரும் அவருடைய குழுவினரும் தண்டுவடக் காயங்களை ஐந்து நிலைகளாகப் பகுத்தனர். அமெரிக்கத் தண்டுவடக் காயச் சங்கம் 1982 இல் சோதனை முறைகளை வகுத்து, 1992 இல் அவ்வைந்து நிலைகளையும் திருத்தி அமைத்தது. இன்று உலகெங்கும் வழங்குவது அம்முறையே.

இதற்குரிய சோதனை எளிய கருவிகளால் ஆனது. ஓர் ஊசிமுனை, ஒரு பஞ்சுத் துணுக்கு, மருத்துவரின் விரல் ஆகியவையே போதும். உடலில் வகுத்த இடங்களில் ஊசிமுனையால் மெல்லக் குத்தியும் பஞ்சால் தொட்டும் உணர்ச்சியை அறிவர். கைகால்களின் முக்கியத் தசைகளுக்கு 0 முதல் 5 வரை மதிப்பிடுவர். அசைவே இல்லையெனில் 0. புவியீர்ப்பை எதிர்த்து உயர்த்த முடியுமெனில் 3. இயல்பான வலு 5. இறுதியாக, மலவாயைச் சுற்றிய தோலில் உணர்ச்சி உண்டா, அத்தசையைத் தாமே சுருக்க முடிகிறதா என்று பார்ப்பர். இச்சோதனைக்குக் கூச்சப்பட்டு மறுக்கக் கூடாது. தண்டுவடத்தின் கடைக்கோடியிலிருந்து வரும் நரம்பு அங்கேயே முடிகிறது. அங்கு ஒரு துளி உணர்ச்சி எஞ்சியிருந்தாலும், முறிந்த இடத்தைத் தாண்டி ஏதோ ஓர் இழை உயிரோடு செல்கிறது என்று பொருள்.

‘ஏ’ நிலை என்பது, அக்கடைக்கோடியிலும் உணர்ச்சியோ அசைவோ இல்லாத முழுமையான காயம். ‘பி’ நிலையில் உணர்ச்சி உண்டு, அசைவு இல்லை. ‘சி’ நிலையில் அசைவு உண்டு. ஆனால் காயத்துக்குக் கீழுள்ள முக்கியத் தசைகளில் பாதிக்கு மேற்பட்டவை 3 என்னும் மதிப்பை எட்டவில்லை. ‘டி’ நிலையில் பாதியோ அதற்கு மேலோ 3 அல்லது அதற்கு மிகுந்த வலுவுடன் உள்ளன. ‘இ’ நிலை என்பது யாவும் இயல்பானது.

இந்நிலைகள் எதிர்காலத்தை எவ்வாறு காட்டுகின்றன? மூன்று நாளளவில் ‘ஏ’ நிலையில் இருப்போருள் பின்னர் நடப்போர் பத்தில் ஒருவருக்கும் குறைவே. ‘பி’ நிலையில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் நடக்கக்கூடும். ‘சி’ நிலையில் பாதிக்கு மேற்பட்டோர் நடப்பர். ‘டி’ நிலையில் கிட்டத்தட்ட எல்லோரும் நடப்பர். ‘பி’ நிலையிலும் ஒரு நுட்பம் உண்டு. பஞ்சின் தொடுகையை மட்டும் உணர்வோரைவிட, ஊசிமுனையின் கூர்மையையும் உணர்வோர்க்கு வாய்ப்பு மிகுதி. கூர்மையை உணர்த்தும் நரம்பு வழியும், தசையை அசைக்கும் நரம்பு வழியும் தண்டுவடத்தில் அருகருகே அமைந்துள்ளன. ஒன்று பிழைத்ததெனில், அயலிலுள்ளதும் ஓரளவு பிழைத்திருக்கலாம் அன்றோ? காந்தப் படம் எனப்படும் எம்.ஆர்.ஐ. படமும் துணைசெய்கிறது. தண்டுவடத்துள் குருதி கசிந்திருப்பின் வாய்ப்புக் குறைவு. வீக்கம் மட்டும் இருப்பின் வாய்ப்பு மிகுதி.

மதிப்பெண் கணக்கு

2011 ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் ஐரோப்பிய மருத்துவர் குழு ஒன்று எளிய கணக்கு முறையை வெளியிட்டது. விளைவு தெரிந்த 492 நோயாளரின் விவரங்களை ஆராய்ந்து அதனை அமைத்தனர். காயமுற்ற முதல் 15 நாட்களுக்குள் செய்யும் சோதனையிலிருந்து, ஓராண்டளவில் அவர் வீட்டுக்குள் பிறர் துணையின்றி நடப்பாரா என்பதை அது கணிக்கிறது. தேவையான விவரங்கள் ஐந்தே.

முதலாவது வயது. 65 அல்லது அதற்கு மேற்பட்டவராயின் 10 கழிக்கவேண்டும். இரண்டாவது, முழங்காலை நீட்டும் தொடைத்தசையின் வலு. மூன்றாவது, பாதத்தைக் கீழே அழுத்தும் கெண்டைக்கால் தசையின் வலு. இவ்விரண்டையும் 0 முதல் 5 வரை மதிப்பிட்டு இரண்டால் பெருக்கவேண்டும். நான்காவது, முழங்காலுக்குச் சற்று மேலே தொடையின் உட்புறத்தில் பஞ்சின் தொடுகையை உணர்வது. ஐந்தாவது, குதிகாலின் வெளிப்புறத்தில் அவ்வாறே உணர்வது. இவ்விரண்டையும் 0 முதல் 2 வரை மதிப்பிட்டு ஐந்தால் பெருக்கவேண்டும். வலக்கால், இடக்கால் ஆகிய இரண்டில் எது மேம்பட்டதோ அதன் மதிப்பே கணக்கில் சேரும். மொத்தம் 40க்கு மேற்போகாது. கழித்தல் 10க்குக் கீழிறங்காது.

கணக்கு விளங்கும்பொருட்டு, ஒரே உயரத்திலிருந்து விழுந்த இரு பனையேறிகளைக் கற்பனை செய்துகொள்வோம். இருவரும் நாற்பது வயதினர். இருவரையும் கண்ட ஊரார், “இருவருக்கும் கால் போய்விட்டது” என்றே கூறுவர். மருத்துவர் சோதிக்கிறார். முதல்வருக்குத் தொடைத்தசை வலு 3; கெண்டைக்கால் வலு 1; தொடையில் உணர்ச்சி 2; குதிகாலில் உணர்ச்சி 1. இவற்றைப் பெருக்கிக் கூட்ட, 6, 2, 10, 5 ஆகச் சேர்ந்து 23 ஆகிறது. இரண்டாமவருக்கு யாவும் 0, கூட்டுத்தொகையும் 0. 20க்கு மேல் பெற்றோருள் பெரும்பாலோர் நடப்பர். 0 பெற்றோருள் நடப்போர் மிகச் சிலரே. 10ஐ ஒட்டிய மதிப்பெண் பெற்றோர்க்கு இரு புறமும் சாய இடமுண்டு. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் கிடந்த இருவரின் வழிகளும் இங்கே பிரிந்துவிட்டன. முதல்வரின் குடும்பம் நடைப்பயிற்சிக்கு முதலிடம் தரவேண்டும். இரண்டாமவரின் குடும்பம் சக்கர நாற்காலிக்கும், சாய்தளத்துக்கும், அமர்ந்து செய்யும் தொழிலுக்கும் பணத்தைக் காத்துவைக்க வேண்டும்.

காயத்தின் மட்டமும் கைகளின் பயனும்

நடப்பது ஒன்றே மீட்சி அன்று. கழுத்தில் காயம்பட்டவர்க்குக் காலைவிடக் கையே பெரிது. மேற்கழுத்தில், மூன்றாம் நரம்புக்கு மேலே காயம்பட்டால் மூச்சுக்கே கருவி வேண்டும். ஐந்தாம் கழுத்து நரம்பு வரை பிழைத்தவர் முழங்கையை மடக்குவார். கருவி பொருத்திய கையால் உண்ண இயலும். ஆறாம் நரம்பு பிழைத்தால் மணிக்கட்டை உயர்த்தலாம். அவ்வாறு உயர்த்தும்போது விரல்கள் தாமே குவிந்து பொருளைப் பற்றும். ஏழாம் நரம்பு பிழைத்தால் முழங்கையை நீட்டலாம். கையூன்றி உடலைத் தூக்கிப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறலாம். மார்பு மட்டத்தில் காயம்பட்டவர் சக்கர நாற்காலியில் ஏறத்தாழத் தம் வேலைகள் யாவற்றையும் தாமே செய்துகொள்ளலாம். ஒரு நரம்பு மட்டம் கீழிறங்குவது காகிதத்தில் சிறிய செய்தி. வீட்டிலோ, ஒருவர் நாள் முழுதும் உடனிருக்க வேண்டுமா வேண்டாவா என்பதையே அது முடிவு செய்கிறது.

கழுத்திலும் மேல்மார்பிலும் காயம்பட்டோர்க்கு ஓர் எச்சரிக்கை. திடீரெனத் தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் வியர்த்துச் சிவந்தால், இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். சிறுநீர்ப்பை நிரம்பியிருப்பதோ, குழாய் அடைத்திருப்பதோ பெரும்பாலும் காரணமாகும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, ஆடையைத் தளர்த்தி, சிறுநீர் வெளியேற வழி செய்து, மருத்துவரிடம் கொண்டுசெல்க.

எத்தனை நாள் காத்திருப்பது?

மீட்சியின் பெரும்பகுதி முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுள் தோன்றுகிறது. பிறகு அதன் வேகம் குறையும். ஓராண்டு, ஒன்றரையாண்டு அளவில் பெரும்பாலோர்க்கு நிலை நின்றுவிடும். அதன்பின் தோன்றும் முன்னேற்றம் சிறிதேயாயினும், பழக்கத்தாலும் பயிற்சியாலும் செய்திறன் வளர்ந்துகொண்டே போகும். ஆகையால் சோதனையை மூன்று நாளில் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை, பின் மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களில் செய்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தல் நன்று. ஒரு மாதத்தில் சிறிது அசைந்த தசை ஓராண்டில் வலுப்பெறும் என்று நம்பலாம். ஓராண்டு முழுவதும் 0 ஆகவே நின்ற தசையைப் பற்றி, “மருந்து கொடுத்து எழுப்புகிறேன்” என்று எவரேனும் பணம் கேட்டால் ஐயுறவேண்டும். ஸ்டெம்செல் என்னும் மூல உயிரணுச் சிகிச்சையைப் பெரும்பொருளுக்கு விற்போர் உளர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2017 இல் வெளியிட்ட நெறிமுறைகள், தண்டுவடக் காயத்துக்கு இச்சிகிச்சையை வழக்கமான மருத்துவமாக ஏற்கவில்லை. ஆராய்ச்சிக்கு உட்படுவோரிடம் அதற்கெனக் கட்டணம் பெறுதல் முறையன்று என்பதையும் நினைவிற் கொள்க.

கணக்கில் சேராத காரணங்கள்

மேலே கூறிய கணக்குகள், தேர்ந்த மறுவாழ்வு மருத்துவமனைகளில் பராமரிக்கப்பெற்றவர்களைக் கொண்டு அமைக்கப்பெற்றவை. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு, புயலின் தன்மையை அறிவிக்கும். கரையில் கட்டாமல் விட்ட வள்ளத்தைக் காப்பாற்றாது. அதுபோலவே 23 மதிப்பெண் பெற்றவர் பராமரிப்பின்றிப் படுத்திருந்தால், கால் எழும்பும் முன்னரே படுக்கைப்புண் அவரைக் கொன்றுவிடலாம். முதல் உலகப் போர்க் காலத்தில் கீழுடல் தளர்ந்த வீரருள் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர் நோயாலும் மாண்டனர். 1944 இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன், நோயாளரை முறையாகப் புரட்டிப் படுக்கவைத்தும், சிறுநீர்ப் பாதையைத் தூய்மையாகக் காத்தும், விளையாட்டிலும் தொழிலிலும் ஈடுபடுத்தியும் அந்நிலையை மாற்றினார். 1948 இல் அவர் அங்கே தொடங்கிய விளையாட்டுப் போட்டியே இன்றைய பாராலிம்பிக் போட்டிகளுக்கு வித்து.

எனவே வீட்டில் செய்யவேண்டியவை இவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். பிட்டம், இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று நாள்தோறும் பார்க்கவேண்டும். சிவந்த இடம் மீண்டும் அழுந்தக் கூடாது. மருத்துவர் கற்பித்த முறைப்படி, குறித்த நேரங்களில் தூய குழாய் கொண்டு சிறுநீரை வெளியேற்ற வேண்டும். கை கால் மூட்டுகளை நாள்தோறும் மடக்கி நீட்டவேண்டும். இல்லையெனில் நரம்பு மீண்டாலும் மூட்டு மீளாது. உணர்ச்சியற்ற காலில் வெந்நீர் ஒத்தடமோ சூட்டுப் பொட்டலமோ வைத்தல் கூடாது. வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

சங்கு குளிப்போர்க்கு ஒரு தனிக் குறிப்பு

முற்காலத்து முத்துக் குளியாளிகள் கல்லைப் பற்றி இறங்கி, ஒரே மூச்சில் சிப்பி வாரி மேலே வந்தனர். இன்று காற்றழுத்தக் கருவியிலிருந்து குழாய் வழியே மூச்சு வாங்கிக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் தங்குவோர் உளர். ஆழத்தில் உடலுக்குள் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலே வரும்போது, சோடாப் புட்டியைத் திறந்தாற்போலக் குமிழிகளாகிறது. அக்குமிழிகள் தண்டுவடத்தின் குருதியோட்டத்தை அடைத்தால், எலும்பு முறியாமலேயே கால்கள் தளரும். இது விழுந்து பட்ட காயம் அன்று. மேற்கூறிய மதிப்பெண் கணக்கு இதற்குப் பொருந்தாது. இதன் எதிர்காலம் பெரிதும் காலத்தைப் பொறுத்தது. மேலே வந்தபின் மூட்டு வலி, கால் மரத்தல், சிறுநீர் பிரியாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், உடனே ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறைச் சிகிச்சைக்கு வழி செய்யும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். சரியாகிவிடும் என்று மீண்டும் கடலுக்குள் இறக்குவது பேராபத்து.

நடை வேறு, வாழ்வு வேறு

மருத்துவரின் கணிப்பு காலைப் பற்றியது. வாழ்வைப் பற்றியது அன்று. இதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவரான மேரி வர்கீஸ் அம்மையார் 1954 இல் கார் விபத்தொன்றில் தண்டுவடம் சிதைந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவர் பின்னர் நடக்கவில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்தார். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்று வந்து, வேலூரில் அத்துறையை வளர்த்தார். 1966 இல் அங்கே மறுவாழ்வு நிலையம் அமைந்தது. 1972 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

தூத்துக்குடிக்கு அண்மையிலும் ஒரு சான்று உண்டு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது 1975 இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்கான உடற்பயிற்சிச் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981 இல் அவர் தம் ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்குச் சூட்டினார். உடற்குறையுடையோர்க்குக் கல்வியும் பயிற்சியும் மறுவாழ்வும் அளிக்கும் பெரிய நிறுவனமாக அது வளர்ந்தது. தண்டுவடக் காயமுற்றோர்க்கும் அங்கே பயிற்சி உண்டு. 2020 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார் ராமகிருஷ்ணன். நடை மீளவில்லை என்பதை ஏற்றுக்கொண்டு, மீந்த ஆற்றலைக் கணக்கிட்டு வாழ்ந்தமையே இவ்விருவரின் வெற்றிக்குக் காரணம்.

ஊராட்சி செய்யத்தக்கவை

ஊராட்சித் தலைவர்களும், கிராம சுகாதாரச் செவிலியரும், மகளிர் குழுவினரும் இவ்வகையில் செய்யக்கூடியவை பல உள. பதநீர்க் காலம் தொடங்குமுன், காயம்பட்டவரைப் பலகையில் ஏற்றும் முறையைப் பனையேறிகளுக்கும் மீனவர்க்கும் ஒரு நாள் செய்து காட்டலாம். ஊருக்கு ஒரு தூக்குப் பலகையைப் பொது இடத்தில் வைக்கலாம். குளிக்குந் துறையில் நீரின் ஆழத்தைக் குறித்துக் கல் நாட்டலாம்.

காயமுற்று வீடு திரும்பியவர் ஊரில் இருப்பின், 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வர ஏற்பாடு செய்யலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை அவர் குடும்பத்துக்கு உண்டா என்று பார்க்கலாம். 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அவருக்குரிய சான்றையும் அடையாள அட்டையையும் பெற்றுத் தந்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியே உதவித்தொகைக்கும் சக்கர நாற்காலிக்கும் விண்ணப்பிக்கத் துணை நிற்கலாம். வாசற்படிக்குச் சாய்தளம் அமைக்க இரண்டு மூட்டைச் சிமெண்டும் ஒரு நாள் உழைப்பும் போதும். அதனை ஊரே கூடிச் செய்துவிடலாம். வலை பின்னுதல், ஓலைப்பொருள் முடைதல், கருப்பட்டிக் கணக்கெழுதுதல், கடை நடத்துதல் ஆகியவை அமர்ந்து செய்யக்கூடிய தொழில்களே.

“நடப்பாரா?” என்று கேட்பவரிடம் இனி நாம் கூறத்தக்கது இது. மூன்று நாள் பொறுத்துச் சோதனையின் முடிவைக் கேளுங்கள். நிலை என்ன, மதிப்பெண் என்ன என்று எழுதி வாங்குங்கள். நடக்கும் வாய்ப்பு இருப்பின் பயிற்சியை ஒரு நாளும் விடாதீர்கள். வாய்ப்பு இல்லையெனில் நிலத்தை விற்காதீர்கள், வாசற்படியை மாற்றுங்கள். இரண்டில் எதுவாயினும், இன்று இரவு இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க யார் விழித்திருப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.